யூரியா மூடைக்கு முன்னும் பின்னும்: எங்கள் மணலுக்குள் வேலை செய்பவர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

பசளைக் கடைகளில் இப்போது யூரியா மூடைக்குப் பக்கத்தில் போத்தல்களிலும் பக்கற்றுகளிலும் "உயிர்ப்பசளை" என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நல்ல பற்றீரியா உள்ளே இருக்கிறதாம், மண்ணில் விட்டால் பயிர் தானாக வளருமாம். தோட்டம் செய்கிறவர்கள் நம்மிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "இது உண்மையா, இல்லை 2021 இல் ஏமாந்த மாதிரி இன்னொரு தரம் ஏமாறவா?" ஓம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. பற்றீரியா வேலை செய்வது உண்மை. பக்கற்றுக்குள் அந்தப் பற்றீரியா உயிரோடு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஏமாந்த கதை 2021 இல் தொடங்கியதல்ல. நூற்றிருபது வருடங்களுக்கு முன் அமெரிக்காவிலேயே நடந்திருக்கிறது. அந்தச் சரித்திரத்தைத்தான் சொல்லப் போகிறோம்.

கதை ஒரு சட்டி மணலில் தொடங்குகிறது. நம் ஊருக்குப் பொருத்தமான தொடக்கம்.

ஜேர்மனியில் பேர்ன்பேர்க் என்ற இடத்தில் ஹெல்ரீகல் என்ற விஞ்ஞானி ஒரு விவசாயப் பரிசோதனை நிலையத்தை நடத்திவந்தார். 1880களில் அவரும் அவருடைய சகா வில்ஃபார்த்தும் சட்டிகளில் சத்தே இல்லாத மணலை நிரப்பி, ஒரு பக்கம் ஓட்ஸ் தானியமும் மறுபக்கம் பட்டாணியும் வளர்த்தார்கள். ஓட்ஸ் ஒழுங்கான பிள்ளை. எவ்வளவு நைதரசன் உப்புக் கொடுத்தார்களோ அவ்வளவுக்கு வளர்ந்தது, கொடுக்காத சட்டியில் காய்ந்துபோனது. பட்டாணி அப்படி ஒரு கணக்குக்கும் அடங்கவில்லை. நைதரசன் ஒன்றும் கொடுக்காத சட்டிகளில் ஒரு செடி மஞ்சளாகிச் சாகும், அதற்குப் பக்கத்துச் சட்டியில் இன்னொன்று கரும்பச்சையாகச் செழித்து நிற்கும். ஒரே மணல், ஒரே தண்ணீர், ஒரே விதை!

இப்படி ஒரு முடிவு வந்தால் அதிகம் பேர் "பரிசோதனை பிழைத்துவிட்டது" என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். ஹெல்ரீகல் எறியவில்லை. ஏதோ ஒன்று தற்செயலாகச் சில சட்டிகளுக்குள் விழுகிறது என்று சந்தேகப்பட்டார். மணலைச் சூடாக்கிக் கிருமி நீக்கினார். இப்போது எல்லாப் பட்டாணியும் ஒன்றுபோல வாடின. பிறகு வயல் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, அந்த நீரில் கொஞ்சம் விட்டார். எல்லாம் செழித்தன, வேர்களில் சிறு சிறு முடிச்சுகளும் தோன்றின. அதே மண் நீரைக் கொதிக்க வைத்து விட்டபோது ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே மண்ணில் இருந்த அது உப்புமில்லை, சத்துமில்லை, கொதிக்க வைத்தால் செத்துப்போகிற ஓர் உயிர். 1886 செப்டெம்பரில் பேர்லினில் கூடிய விஞ்ஞானிகள் மாநாட்டில் அவர் இதை அறிவித்தார். இரண்டு வருடத்தில், 1888 இல், ஒல்லாந்தில் பெயரிங் என்ற விஞ்ஞானி அந்த முடிச்சுக்குள் இருந்த பற்றீரியாவைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். றைசோபியம் என்று நமது பிள்ளைகள் ஓ.எல். விஞ்ஞானத்தில் படிப்பது அந்த இனத்தைத்தான். நைதரசன் வட்டத்தைக் கீறும்போது "வேர்ச் சிறுகணு" என்று ஓர் அம்புக்குறி போடுவார்களே, அந்த அம்புக்குறிக்குப் பின்னால் இவ்வளவு சட்டி மணல் இருக்கிறது.

அவரையினப் பயிர் போட்ட மண் தேறும் என்பது அதற்கு முன்பே விவசாயிகளுக்குத் தெரிந்த விஷயம்தான். மண்ணின் குணமும் எருவின் குணமும் தனியாகப் படிக்க வேண்டிய இயல் என்பதும் புதிதல்ல. ஸ்பெயினின் செவில் நகரில் 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் எழுதிய கிதாபுல் ஃபிலாஹா என்ற பெரிய விவசாய நூலின் முதல் அத்தியாயம் மண்ணைப் பற்றியது, இரண்டாவது எருவைப் பற்றியது. அந்த நூலை 1802 இல் மத்ரிதில் ஸ்பானிய மொழிக்கு மாற்றி அச்சிட்டார்கள். அறுநூறு வருடம் கழிந்தும் அது உதவும் என்று ஐரோப்பியர் நினைத்திருக்கிறார்கள். நமது மூத்தவர்கள் சேனை வெட்டிக் குரக்கன், சோளத்தோடு பயறும் கௌபியும் கலந்து போட்டதும், பிறகு சில வருடம் காட்டுக்கே அந்த நிலத்தை விட்டுவிட்டதும் இதே அறிவுதான். "ஏன்" என்பதற்கு விடைதான் 1886 வரை யாரிடமும் இருக்கவில்லை.

அந்த "ஏன்" சுருக்கமாக இதுதான். காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசன். ஆனால் அதன் இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்பால் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பதால் எந்தச் செடியாலும் அதைப் பிரித்து உண்ண முடியாது. சில பற்றீரியாக்களால் மட்டும் முடியும். செடி தன் வேரில் அவற்றுக்கு வீடு கட்டிச் சீனி கொடுக்கிறது. அவை நைதரசனை அமோனியாவாக்கி வாடகை கட்டுகின்றன. கடற்கரை மணலில் ஒருவரும் பசளை போடாமலே சவுக்கு மரம் வளர்கிறதே, அதற்கும் இதுதான் காரணம். அதன் வேரில் குடியிருப்பது ஃபிராங்கியா என்ற வேறொரு பற்றீரியா.

இனி ஏமாற்றின் கதைக்கு வருவோம்.

1896 இல் ஜேர்மனியில் நொபே, ஹில்ட்னர் என்ற இருவர் இந்தப் பற்றீரியாவைக் கண்ணாடிப் போத்தலில் வளர்த்து "நைட்ராஜின்" என்ற பெயரில் காப்புரிமை பெற்று விற்கத் தொடங்கினார்கள். உலகின் முதல் உயிர்ப்பசளைப் போத்தல் அது. சில வயல்களில் நன்றாக வேலை செய்தது. பல வயல்களில் ஒன்றும் நடக்கவில்லை. போத்தல் போய்ச் சேருவதற்குள் உள்ளே இருந்தவை செத்திருந்தன, அல்லது பயிருக்குப் பொருந்தாத இனமாக இருந்தன.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் பெரிய கூத்து. அங்கே விவசாயத் திணைக்களத்தில் இருந்த ஜோர்ஜ் மூர் என்ற தாவரவியலாளர், பற்றீரியாவைப் பஞ்சில் உலர்த்தித் தபாலில் அனுப்பலாம் என்றார். 1904 இல் பத்திரிகைகள் இதைக் கொண்டாடின. தபால் உறையில் வரும் ஒரு துண்டுப் பஞ்சு தரிசு நிலத்தைப் பொன்விளையும் பூமியாக்கும் என்ற தோரணையில் எழுதினார்கள். விவசாயிகள் ஆயிரக்கணக்கில் கேட்டு எழுத, திணைக்களம் இலவசமாக அனுப்பியது, தனியார் கம்பனிகள் விலைக்கு விற்றன. அடுத்த வருடமே மாநிலப் பரிசோதனை நிலையங்கள் பஞ்சைச் சோதித்துப் பார்த்தன. உலர்ந்த பஞ்சில் பற்றீரியா பெரும்பாலும் இறந்திருந்தது. பஞ்சு விற்ற கம்பனி ஒன்றில் அவருடைய குடும்பத்துக்குப் பங்கு இருந்ததும் வெளிவர, மூர் 1905 இல் பதவி விலகினார்.

விஞ்ஞானம் பொய்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பொய்த்தது பஞ்சு. ஆனால் ஏமாந்த விவசாயிக்கு இரண்டும் ஒன்றுதான். அவன் "பற்றீரியாவாவது ஒன்றாவது" என்று திரும்பிப் போய்விட்டான்.

அவன் திரும்பிய பக்கத்தில் அப்போது இன்னொரு வழி திறந்தது. 1909 இல் ஃபிரிட்ஸ் ஹேபர் என்ற ஜேர்மன் இரசாயனவியலாளர் காற்றிலுள்ள நைதரசனை ஐதரசனோடு சேர்த்து அமோனியாவாக்கிக் காட்டினார். 1913 இல் அதற்குத் தொழிற்சாலையும் எழுந்தது. வேர் முடிச்சுக்குள் பற்றீரியா சாதாரண மண்ணின் சூட்டில் சத்தமில்லாமல் செய்யும் அதே வேலையைச் செய்ய அந்தத் தொழிற்சாலைக்கு நானூறு ஐந்நூறு பாகை வெப்பமும் நம்மைச் சுற்றியுள்ள காற்றைவிட இருநூறு மடங்கு அழுத்தமும் தேவைப்பட்டன. இருந்தாலும் அது நம்பகமானது. மூடையைப் பிரித்துப் போட்டால் ஒரு கிழமையில் பச்சை தெரியும். இன்று உலகில் ஏறத்தாழப் பாதிப் பேருடைய உணவு அந்தத் தொழிற்சாலை நைதரசனால்தான் விளைகிறது என்று கணக்கிடுகிறார்கள். யூரியாவைத் திட்டுவது எளிது. அது இல்லாமல் இத்தனை பேருக்கு எப்படிச் சோறு போடுவது என்பதற்குத் திட்டுகிறவர்களிடம் பதில் இருப்பதில்லை.

நம் நாட்டில் பசளை மானியம் 1962 இல் தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில் சப்புகஸ்கந்தையில் அரசாங்கம் சொந்தமாக யூரியாத் தொழிற்சாலையே கட்டியது. கட்டுப்படியாகாமல் சில வருடங்களில் அதை மூடிவிட்டார்கள். பிறகு முழுக்க முழுக்க இறக்குமதி. 2005 க்குப் பிறகு நெற்செய்கைக்கு 50 கிலோ மூடை 350 ரூபாய்க்குக் கிடைத்தது நினைவிருக்கும். அந்த மூடையில் நைதரசன் 23 கிலோ. அவ்வளவு மலிவாகக் கிடைத்தால் யார் அளந்து போடப் போகிறார்கள்?

களப்புக்கு அந்தப் பக்கம் கற்பிட்டியில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே மணல் நிலத்தில் கிணற்று நீரை இறைத்து வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் வருடம் முழுக்கச் செய்கிறார்கள். மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது, யூரியாவையும் பிடித்து வைக்காது. போடும் யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறுகிறது. அதில் பயிர் எடுத்தது போக மிச்சம், அடுத்த தரம் இறைக்கும் நீரோடு இறங்கி நிலத்தடி நீருக்குப் போய்ச் சேர்கிறது. அதே நீரைத்தான் மறுபடி இறைக்கிறோம், அதே நீரைத்தான் குடிக்கிறோம். 1980களிலேயே இலங்கை ஆய்வாளர்களும் பிரித்தானியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தாரும் கற்பிட்டியின் கிணறுகளைச் சோதித்தார்கள். பயிர் செய்யும் இடங்களில் நைத்திரேற்றின் அளவு உலக சுகாதார ஸ்தாபனம் குடிநீருக்கு வைத்த எல்லையைத் தாண்டியிருந்தது. ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது அந்த எல்லை. அதற்கு மேல் போனால் முதலில் பாதிக்கப்படுவது ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள். போத்தல் பால் கரைக்கும் தண்ணீரில் நைத்திரேற்று இருந்தால் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியை இழந்து உடல் நீலம் பாயும். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்ற அது இன்னும் செறியும். இதை உம்மாமார் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

களப்புக்கு இந்தப் பக்கம் நமது கரையும் மணல்தான். களிமண் நாட்டுக்காரன் யூரியாவை அள்ளிக் கொட்டினால் காசு நட்டம். நாம் கொட்டினால் காசும் நட்டம், கிணறும் நட்டம். நைதரசனைச் செடிக்குத் தேவையான நேரத்தில், தேவையான இடத்தில், வேருக்குள்ளேயே கொண்டுபோய்க் கொடுக்கிற பற்றீரியா மற்ற ஊர்களைவிட நமக்கு ஏன் பெரிய விஷயம் என்றால் இதனால்தான்.

இதை நம் நாட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எஸ். ஏ. குலசூரிய பல தசாப்தங்களாக இந்த நைதரசன் பற்றீரியாக்களோடுதான் வாழ்ந்தார். கண்டி ஹந்தானையில் உள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் அவரும் பேராசிரியர் காமினி செனவிரத்னவும் மற்றவர்களும் சோயாவுக்கும் போஞ்சிக்கும் பொருத்தமான றைசோபியத்தைத் தேடிப் பிடித்து வளர்த்தார்கள். வெளிநாடுகளில் பற்றீரியாவை ஏற்றி அனுப்ப முற்றாநிலக்கரி போன்ற ஒரு மண்ணைப் பாவிப்பார்கள். நம்மிடம் அது குறைவு. இவர்கள் தும்புத்தூளில் ஏற்றிப் பார்த்தார்கள், பற்றீரியா அதில் நன்றாகத் தங்கியது. தென்னை முக்கோணத்தில் இருந்துகொண்டு தும்புத்தூளைக் குப்பை என்று எரிக்கிற நமக்கு இது கேட்க ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். பிறகு செனவிரத்ன ஒரு படி மேலே போய், பற்றீரியாவும் பூஞ்சணமும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு படலமாக வாழும்படி செய்து, நெல்லிலும் தேயிலையிலும் சோதித்தார். இரசாயனப் பசளையைக் குறைத்து அதோடு சேர்த்து இதைப் போடுவதுதான் அவர்களுடைய வழி. முற்றாக நிறுத்துவது அல்ல.

ஏனென்றால் நெல்லுக்கும் சோளத்துக்கும் வேர் முடிச்சு கிடையாது. புல்லினங்களின் வேரைச் சுற்றியும் வேருக்குள்ளும் அசோஸ்பிரில்லம் போன்ற பற்றீரியாக்கள் வாழ்கின்றன. பிரேசிலில் ஜொஹானா டோபரைனர் என்ற பெண் விஞ்ஞானி 1970களில் இவற்றை உலகத்துக்கு எடுத்துக் காட்டினார். இவை கொஞ்சம் நைதரசன் கொடுக்கும், அதைவிட முக்கியமாக வேரை வளரவைக்கும் ஓமோன் சுரக்கும். வேர் கூடினால் செடி போட்ட பசளையைக் கூடுதலாக எடுக்கும், மணலில் கழுவுப்படுவது குறையும். ஆனால் யூரியாவின் முழு வேலையையும் இவை செய்யா. அதே டோபரைனர் பிரேசிலின் சோயாவுக்கு நைதரசன் பசளையே வேண்டாம், பற்றீரியா போதும் என்று பிடிவாதமாக நின்றவர். சோயா அவரையினம் என்பதால் அங்கே அது பலித்தது. இன்று உலகில் சோயா ஏற்றுமதியில் முன்னிற்கும் நாடு பிரேசில். எந்தப் பயிருக்கு எந்தப் பற்றீரியா, எவ்வளவுக்கு என்று பிரித்துப் பார்த்ததில்தான் அவர்களுடைய கெட்டித்தனம்.

நம் நாட்டில் 2021 மே மாதம் அப்படி ஒன்றும் பிரித்துப் பார்க்கவில்லை. இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரு வர்த்தமானியால் ஒரேயடியாக நிறுத்தினார்கள். மாற்றாக என்ன இருந்தது? ஹந்தானை ஆய்வுகூடத்தின் உற்பத்தியை நாடு முழுவதற்கும் ஆறு மாதத்தில் பெருக்க முடியாது. உயிருள்ள பொருள், அதற்கு வளர்ப்புத் தொட்டி வேண்டும், குளிர் வேண்டும், தரம் பார்க்க ஆள் வேண்டும். சேதனப் பசளையைக் கப்பலில் இறக்க முடிவெடுத்தார்கள். சீனாவின் சீவின் நிறுவனத்தோடு 99,000 தொன்னுக்கு ஒப்பந்தம். முதல் தொகுதியின் மாதிரிகளை நமது தாவரத் தொற்றுநீக்கல் சேவை சோதித்தபோது எர்வினியா என்ற பற்றீரியா இருப்பதாக அறிக்கை வந்தது. எர்வினியா என்பது மரக்கறிகளை அழுக வைக்கும் வகை. கம்பனி அந்தச் சோதனையை ஏற்கவில்லை. "ஹிப்போ ஸ்பிரிட்" என்ற கப்பல் 20,000 தொன்னோடு வந்து இறக்க முடியாமல் கடலில் சுற்றியது நினைவிருக்கும். கடைசியில் 2022 ஜனவரியில் மக்கள் வங்கி பல இலட்சம் டொலர் கட்டியது. இறங்காத பசளைக்கு.

நவம்பர் கடைசியில் தடையை நீக்கினார்கள். அதற்குள் பெரும்போகம் கைவிட்டுப் போயிருந்தது. நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி ரூபாய் நட்டஈடு என்று அரசாங்கம் அறிவித்தது. பிறகு டொலரும் இல்லை, யூரியாவும் இல்லை, விலை யாருக்கும் எட்டவில்லை.

நமது கணிப்பில் அந்த வருடத்தின் பெரிய நட்டங்களில் ஒன்று இன்னும் கணக்கில் வரவில்லை. "சேதனம்", "நுண்ணுயிர்" என்ற சொற்களைக் கேட்டாலே விவசாயி முகத்தைத் திருப்புகிறான். 1905 இல் அமெரிக்க விவசாயி திரும்பினானே, அப்படி. நல்ல ஆய்வொன்று நாற்பது வருடம் மெல்ல மெல்லச் சேர்த்த நம்பிக்கையை ஒரு வர்த்தமானி ஒரு போகத்தில் அழித்துவிட்டது.

பொசுபரசு பற்றியும் ஒரு வார்த்தை. அநுராதபுர மாவட்டத்தில் எப்பாவலயில் 1971 இல் பொசுபேற்றுப் பாறை கண்டுபிடித்தார்கள். நம் பக்கத்தில் களப்போடு வந்து கலக்கிற கலா ஓயா, அந்தப் பிரதேசத்துக் கலா வாவி வழியாகத்தான் வருகிறது. அந்தப் பாறையை வெளிநாட்டுக் கம்பனிக்குக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து ஊர்மக்கள் வழக்காடி 2000 இல் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். பாறை மிஞ்சியது, ஆனால் அது தண்ணீரில் எளிதில் கரையாது. தென்னை, தேயிலை போன்ற நீண்டகாலப் பயிருக்குச் சரி, மூன்று நான்கு மாதப் பயிருக்கு உதவாது. அமிலம் சுரந்து பொசுபேற்றைக் கரைக்கும் பற்றீரியாக்கள் மண்ணில் இருக்கின்றன. அவற்றை அந்தப் பாறைத் தூளோடு சேர்த்து வேலை வாங்குவது நம் நாட்டு விஞ்ஞானிகளுக்கு முன்னால் இருக்கும் பெரிய வேலைகளில் ஒன்று.

சரி, கடையில் இருக்கும் போத்தலுக்கு என்ன பதில்? உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, உள்ளே எந்த இனம், எந்தப் பயிருக்கு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். "எல்லாப் பயிருக்கும்" என்று எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். வெயில் படும் அலுமாரியில் வைத்திருந்தால் வாங்க வேண்டாம், 1904 இன் பஞ்சுதான் அது. வாங்கினாலும் முதலில் ஒரு பாத்தியில் போட்டு, பக்கத்துப் பாத்தியைப் போடாமல் விட்டுப் பாருங்கள். வயலிலும் யூரியாவை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். பிரித்துப் பிரித்துக் கொஞ்சமாகப் போடுங்கள்.

கச்சான், பயறு, கௌபி போடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் பக்கற்றே தேவையில்லை. இவற்றுக்குப் பொருந்தும் பற்றீரியா நமது மண்ணில் ஏற்கெனவே உண்டு. வெளியிலிருந்து வந்த சோயாவுக்குத்தான் அதன் பற்றீரியாவையும் கூடவே கொண்டுவர வேண்டும். தென்னை வைத்திருப்பவர்கள் வேலிக் கதியாலாக நிற்கும் கிளிரிசிடியாவை வெட்டி மரத்தடியில் போடுங்கள். அதன் வேரிலும் முடிச்சு உண்டு. நமது மாவட்டத்திலேயே லுணுவிலவில் இருக்கும் தெங்கு ஆராய்ச்சி நிறுவகம் இதை நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது.

மழைக்குக் கச்சான் போடுகிறவர்கள் பூக்கிற நேரத்தில் ஒரு செடியை மட்டும் மண்ணோடு கிண்டி எடுங்கள். இழுத்துப் பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே அறுந்துவிடும். தண்ணீரில் மெதுவாக அலசி, முடிச்சொன்றைப் பிளேட்டால் இரண்டாக வெட்டுங்கள். உள்ளே இரத்தம் மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. நமது இரத்தத்தில் உள்ள சிவப்புப் பொருளின் ஒன்றுவிட்ட சகோதரம் ஒன்றுதான் அந்த நிறத்துக்குக் காரணம். பச்சையாகவோ வெள்ளையாகவோ இருந்தால் பற்றீரியா இருந்தும் வேலை செய்யவில்லை, மண்ணில் வேறேதோ குறை. படம் எடுத்து இதன் கீழே போடுங்கள், எந்தத் தோட்டம், எந்தக் கிணற்றடி என்றும் எழுதுங்கள். பத்து இருபது தோட்டத்துப் படங்கள் சேர்ந்தால் நமது ஊர் மண்ணில் எங்கே சிவப்பு, எங்கே வெள்ளை என்று பிள்ளைகளைக் கொண்டு ஒரு வரைபடம் கீறலாம்.